நோவில்லாத நாளில் போடவேண்டிய குளிசை

திருகோணமலைக் கிளினிக் வாசலில் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒருவர் நொண்டி வந்தால், முதலில் நினைவுக்கு வருவது கௌட், அதாவது இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் பளிங்காகப் படிந்து வரும் வாதம். நடுச்சாமத்தில் பெருவிரல் அடிமூட்டு வீங்கிச் சிவக்கும். போர்வை பட்டாலும் தாங்காது. கௌட்டிலும் காய்ச்சல் காயும் என்பதுதான் சிக்கல். மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் இதே கோலம்தான். சந்தேகம் இருந்தால், அதுவும் நீரிழிவுக்காரருக்கு, ஊசியால் மூட்டு நீரை எடுத்துக் கிருமியையும் ஊசிவடிவப் பளிங்குகளையும் தேடவேண்டும்.

இரத்த அறிக்கை பலரை ஏமாற்றும். நோவு உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டலாம். நோவு அடங்கி இரண்டு கிழமையாவது போனபின் மறுபடி பார்க்கவேண்டும்.

பழியைப் பருப்பிலும் கீரையிலும் போடுவது வழக்கம். அவை பாவம். குறைக்கவேண்டியவை சூடை, சாளை, நெத்தலி, ஈரல், பியர், இனிப்புச் சோடா. மீனை அடியோடு விடு என்று திருக்கடலூரில் சொன்னால் யார் கேட்பார்? பத்தியம் மட்டும் இருந்தால் யூரிக் அமிலம் டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் இறங்கும். அது கூடுவதற்குப் பெரும்பாலும் சிறுநீரகம் போதியளவு வெளியேற்றாததே காரணம். கச்சான் காற்று வெக்கையில் தண்ணீர் குடியாமல் தோணியில் கிடப்பதும், பிரஷருக்குப் போடும் தையசைட் குளிசையும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

நோவுக்குக் கொல்கிசின் 0.5 மி.கி., நாளுக்கு இரண்டு மூன்று தரம். வயிற்றோட்டம் தொடங்கினால் நிறுத்தவேண்டும். சிறுநீரகம் பழுதானவர் பாமசியில் டைக்குளோபினாக் என்ற நோக்குளிசையை வாங்கிப் போடுவது ஆபத்து.

நோவு போனதும் பலர் கிளினிக்கை மறந்துவிடுவார்கள். உண்மையான வைத்தியம் அப்போதுதான் தொடங்குகிறது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் குளிசையை 100 மி.கி.யில், சிறுநீரகம் பலவீனமென்றால் 50இல் தொடங்கி, சில கிழமைக்கொருமுறை இரத்தம் பார்த்துக் கூட்டி, யூரிக் அமிலத்தை டெசிலீற்றருக்கு 6 மி.கி.க்குக் கீழே கொண்டுவரவேண்டும். எத்தனையோ கிளினிக் கொப்பிகளில் 100 என்ற முதல் அளவே வருடக்கணக்காக அப்படியே இருக்கும். அளவு ஏறாவிட்டால் குளிசை போட்டும் போடாத மாதிரித்தான். இன்னொன்று, பளிங்கு கரையும் முதல் மாதங்களில் நோவு திரும்ப வரும். "குளிசையாலதான் வந்தது டொக்டர்" என்று நிறுத்திவிடுவார்கள். அதற்காகவே 3 முதல் 6 மாதம் சிறிய அளவு கொல்கிசினும் கூடக் கொடுப்பது. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் மட்டும், யாரையும் கேளாமல் அலோபியூரினோலை அன்றே நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.