மெதுவான அயனிகள்

மார்ச் 3
வெற்றிடக் கலத்துக்குள் ஓடும் ஹால் உந்துபொறியின் (மின்சாரத்தால் அயனிகளை வீசி விண்கலத்தைத் தள்ளும் பொறி) வாயிலுக்குச் சற்று முன்னால், 834.7 நானோமீட்டர் அலைநீளத்தையொட்டி லேசரை மெல்ல நகர்த்தி, செனான் அயனிகள் உமிழும் 541.9 நானோமீட்டர் பச்சை ஒளியை அளந்தேன். அயனியின் வேகத்துக்கேற்ப அது லேசரை உறிஞ்சும் அலைநீளம் நகரும்; அந்த நகர்வே வேகத்தைச் சொல்லிவிடும். வினாடிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்பார்த்த முகடு வந்தது. அதோடு, ஏறக்குறைய அசையாமல் நிற்கும் அயனிகளுக்குரிய இடத்தில் சின்னதாக இன்னொரு முகடும் எழுந்தது. அசையாத அயனிகளின் அலைநீளத்தைக் காட்டும் ஒப்பீட்டு விளக்கின் கோடும் அங்கேதான் விழுகிறது. 300 வோல்ட் தள்ளிவிடும் தாரையில் இந்த அயனிகள் எப்படி நிற்கின்றன?

மார்ச் 4
லேசர் பாதியில் அலைநீளம் தாவிவிட்டது. எதுவும் தேறவில்லை.

மார்ச் 6
மின்னேற்றப் பரிமாற்றமாகத்தான் இருக்கவேண்டும். விரைந்து வரும் அயனி, வழியில் நிற்கும் நடுநிலை அணுவிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு அதே வேகத்தில் அணுவாகப் போய்விடுகிறது. பறிகொடுத்த அணு அயனியாகி அங்கேயே நிற்கிறது. அந்த அணு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பொறிக்குள் அயனியாகாமல் வெளியேறியது என்றால் விண்வெளியிலும் இதே அயனிகள் பிறக்கும், பக்கவாட்டில் திரும்பி விண்கலத்தின் மேற்பரப்பை அரிக்கவும் செய்யும். பம்புகள் இழுக்காமல் விட்ட மிச்ச வாயு என்றால் இத்தனை நாளும் இந்த வெற்றிடக் கலத்தைத்தான் அளந்திருக்கிறேன்.

மார்ச் 8
ஒளிக்குறி பாதியாகக் குறைந்துவிட்டது. பொறி சீராகத்தான் ஓடுகிறது.

மார்ச் 10
வாயுவைக் குளிரில் உறையவைத்துப் பிடிக்கும் கிரையோ பம்புகளைச் சூடாக்கி, உறைந்திருந்த செனானை வெளியேற்றிய பிறகு கலத்தைத் திறந்தோம். ஒளி திரட்டும் வில்லையின் மேல் பழுப்பாக ஒரு படலம். ஆல்கஹால் நனைத்த துணியில் கரியாக ஒட்டியது. எதிர்ச்சுவரின் கிராஃபைட் தகடுகளை அயனிகள் அடித்து அடித்துப் பெயர்த்த கரி அது. படலத்தைத் துடைத்தபோது என் கை நடுங்கியது.

மார்ச் 14
கலத்தின் மறுகோடியில் கூடுதல் செனானைக் கசியவிட்டு, மூன்று அழுத்தங்களில் அளந்தேன். அழுத்தம் ஏற ஏறச் சின்ன முகடும் உயர்கிறது. ஆனால் மூன்று புள்ளிகள் வழியே வரைந்த கோட்டைப் பூஜ்ய அழுத்தம்வரை நீட்டினால் முகடு முழுதாக மறையவில்லை. மூன்று புள்ளிகளை நம்பி எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 15
லேசர் காண்பது ஒரே ஓர் ஆற்றல் நிலையில் இருக்கும் அயனிகளை மட்டுமே. மெதுவான அயனிகளில் அந்த நிலையில் இருப்பவை எத்தனை பங்கு? இதை நேற்றே யோசித்திருக்கவேண்டும்.

மார்ச் 17
நான்காவது அளவீட்டுக்காகக் கலத்தின் அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. வில்லையை மறுபடி பார்த்தேன்; தெளிவாக இருக்கிறது.