‘சரி சார்’ என்பது பதில் அல்ல

1992-ல், மாநிலத்தின் மின் உற்பத்தியையும் தேவையையும் சமன்செய்யும் லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு மாற்றல் வந்தபோது, வீட்டில் எல்லாரும் நான் இனிமேல் பெரிய பெரிய சுவிட்சுகளைத் தட்டப்போகிறேன் என்று நினைத்தார்கள். அங்கே தட்டுவதற்கு ஒரு சுவிட்சும் இல்லை. சுவர் முழுக்கக் கோடு போட்ட வரைபடம், நடுவில் அதிர்வெண்ணைக் காட்டும் எண் (தேவை உற்பத்தியை மிஞ்சினால் 50-க்குக் கீழே இறங்கும், குறைந்தால் மேலே ஏறும்), மேசையில் நாலைந்து தொலைபேசிகள், ஒரு லாக் புக். அவ்வளவுதான். ‘எல்.டி.’யில் உட்காருபவன் எதையும் கையால் தொடுவதில்லை. வாயால் சொல்கிறான், எங்கோ ஒரு துணை மின் நிலையத்தில் யாரோ செய்கிறார்.

சொல்கிற குரலும் அப்போது மின்சாரத்தோடு அதே உயரழுத்தக் கம்பியில்தான் போகும். பி.எல்.சி.சி. என்போம். மழை பெய்தால் லைனில் வடை சுடுவது போல ஒரு இரைச்சல் கேட்கும்.

எனக்குக் கற்றுக்கொடுத்த ஷிஃப்ட் என்ஜினியர் முதல் நாளே சொன்னார்: “நீ சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்லணும். ‘சரி சார்’னு சொன்னா ஃபோனை வைக்காதே. அது பதில் இல்லை, மரியாதை.” நான் தலையாட்டினேன். “தலையாட்டினா எனக்குக் கேட்காது” என்றார். எதிரே இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, மழை. ஓர் ஊருக்குப் போகும் 110 கே.வி. லைன் இரண்டில், இரண்டாவதில் பராமரிப்பு வேலை. துணை மின் நிலைய ஆபரேட்டரிடம் அதன் பிரேக்கரைத் திறக்கச் சொன்னேன், அதாவது லைனைத் துண்டிக்கச் சொன்னேன். “சரி சார்.” எனக்கு அடுத்த ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது, வைத்துவிட்டேன். அவர் திறந்தது முதல் லைனை. ஊரின் லோடு மொத்தமும் இரண்டாவதன் தலையில் விழுந்தது. அதுவும் தாங்காமல் ட்ரிப் ஆனது. மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் பதினாலு நிமிடம் பிடித்தது. முதலில் பிரேக்கர், அப்புறம் இரு முனையிலும் லைனைத் தனியாகப் பிரிக்கும் ஐசொலேட்டர், அதன் பிறகே கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த், கடைசியில்தான் எண் போட்டு ‘லைன் கிளியர்’ என்னும் வேலை அனுமதி என்ற வரிசை இருப்பதால் யாரும் கம்பத்தில் ஏறியிருக்கவில்லை. விளக்கம் கேட்டு அவருக்குத்தான் கடிதம் போனது. எனக்கும் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அந்தக் காலத்தில் அதிர்வெண் 50-ல் நிற்பதே அபூர்வம். மாலை ஆறரைக்கு மேல் 48-ஐத் தொட்டுக்கொண்டு கிடக்கும். தென் மாநிலங்கள் எல்லாம் ஒரே கிணற்றில் வாளி போட்டவர்கள். “நீ குறை, நான் குறைக்கிறேன்” என்று ஃபோனில் சண்டை போடுவோம். 2003 ஜனவரியில் தென் மண்டலத்துக்கு ஏ.பி.டி. என்ற புது மின் கட்டண முறை வந்தது. ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக, 96 துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டில் எவ்வளவு எடுப்பாய் என்று முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். அதிர்வெண் தாழ்ந்திருக்கும்போது அதற்கு மேல் இழுத்தால் விலை எகிறும். பத்து வருடச் சண்டையில் ஏறாத எண், காசு என்றதும் ஏறியது.

பற்றாக்குறையை விட எனக்குப் பயம் காட்டியது காற்றுதான். வெயில் காலத்தில் எவ்வளவு இல்லை என்பது தெரியும், பட்டியல் போட்டு வெட்டிவிடலாம். ஆடிக் காற்றுக்கு ஏது பட்டியல்? 2012-ல் தமிழ்நாட்டின் காற்றாலைகள் 7,000 மெகாவாட்டை நெருங்கியிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எழும்பினால் அரை மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான மெகாவாட் வந்து விழும், அடங்கினால் அதே வேகத்தில் போய்விடும். அனல் நிலையத்தைக் குறைக்கச் சொல்வோம். ஓரளவுக்குக் கீழே இறக்கினால் நிலக்கரி மட்டும் போதாது, எண்ணெயும் ஊற்றி எரிக்க வேண்டும். அவர்கள் மறுப்பது நியாயம்தான். ஆனைமலையில் காடம்பாறை ஒன்றுதான் ஆறுதல். 400 மெகாவாட் நிலையம். நடுராத்திரியில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு கீழ் அணையின் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, மறுநாள் மாலை அதையே இறக்கி மின்சாரமாகத் தரும். அதுவும் நிரம்பிவிட்டால் காற்றாலைகளை நிறுத்தச் சொல்ல வேண்டும். ஊரில் பல மணி நேர மின்வெட்டு நடக்கும் வருடத்தில், காற்று வீசும்போது ‘நிறுத்து’ என்று சொல்வதைப் போல வாய் கூசும் வேலை வேறில்லை. அந்த உத்தரவை மட்டும் எதிர்முனையில் யாரும் ஒரே தடவையில் திருப்பிச் சொன்னதில்லை. “சார், இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பார்கள்.

அதே ஆண்டு ஜூலை 30-லும் 31-லும் வட இந்தியா இருண்டது. தெற்கு தப்பியது. எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அப்போது நாங்கள் அவர்களோடு நேர்மின்சார இணைப்புகள் வழியாக மட்டுமே சேர்ந்திருந்தோம், அவர்களுடைய அதிர்வெண் எங்களிடம் தாவ வழியில்லை. 2013 டிசம்பர் 31 இரவு ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக நாடு முழுக்க ஒரே கிரிட் ஆனது. கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும் ஒரே எண். கேக் வெட்டினோம். எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், 2020 ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னார்கள். மனைவி அகல்விளக்கோடு மொட்டை மாடிக்குப் போனாள். நான் ஃபேனை நிறுத்தாமல் கைபேசியில் அதிர்வெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12 முதல் 14 ஆயிரம் மெகாவாட் குறையும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். குறைந்தது 31 ஆயிரத்துக்கு மேல். நாடெங்கும் நீர்மின் நிலையங்களை இறக்கி ஏற்றியே சமாளித்தார்கள். அந்த எண் 49.70-க்கும் 50.26-க்கும் நடுவிலேயே ஆடி அடங்கியது.

மறுநாள் காலை, ஷிஃப்டில் இருந்த பையனைக் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நாக்கு வறண்டு போச்சு சார். எத்தனை தடவைதான் திருப்பிச் சொல்லச் சொல்றது!”