கம்யூனிட்டி காலேஜில் ஆராய்ச்சி எதற்கு?

கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று இன்னும் பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் இந்த இரண்டு வருடக் கல்லூரிகள், 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கியதிலிருந்தே, கற்பிக்கத்தான் இருக்கின்றன, அது உண்மை; ஒரு செமஸ்டருக்கு ஐந்து வகுப்பு என்பது சாதாரணம், ஆராய்ச்சிப் பேப்பர் எழுதச் சொல்லி யாரும் நெருக்குவதில்லை, பிஎச்டி மாணவர்களும் கிடையாது. ஆனால் புதிதாக புரோகிராமிங் படிக்கிறவர் எங்கே சிக்கிக்கொள்கிறார் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எது? நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வருகிற அம்மா, பள்ளி முடித்த கையோடு வந்த பையன், எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஃபார் லூப்போடு (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) மல்லுக்கட்டுகிறார்கள்.

பார்சன்ஸ் ப்ராப்ளம் தெரியும்தானே? சரியான நிரலின் வரிகளைக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்வது. செமிகோலன் போட மறப்பது மாதிரியான எழுத்துப் பிழைத் தொல்லை இல்லை, மாணவரின் யோசனை மட்டும் தெரியும். 2006இல் இதைப் பற்றி எழுதிய டேல் பார்சன்ஸும் பட்ரீசியா ஹேடனும் நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் இல்லை, பாலிடெக்னிக்! இன்று பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஏடிஇ (அட்வான்ஸ்ட் டெக்னலாஜிக்கல் எஜுகேஷன்) திட்டம் இரண்டு வருடக் கல்லூரிகளை மனதில் வைத்தே நிதி தருகிறது. இல்லாதது நேரம். செமஸ்டருக்கு ஒரே ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள், வகுப்பில் ஏற்கெனவே கவனித்து வைத்திருப்பதை எத்தனையோ ஆசிரியர்கள் எழுதிவிடுவார்கள். நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் அடுத்த டைம்டேபிள் போடும்போதாவது இதை யோசிக்க வேண்டும்.