அப்பாவின் முதல் ஓட்டு

ஜூலை 13, 2025, ஞாயிறு

அண்ணன் மகள் நாளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேசப் போகிறாள். காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். யாரோ எழுதிக் கொடுத்த பக்கத்தைத் திண்ணையில் நடந்து நடந்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். மூடிய பள்ளிகளைத் திறந்தது, மதிய உணவு, அணைகள் எல்லாம் சொல்லி முடித்து, "ஆனால் நன்றி கெட்ட மக்கள் 1967-ல் அவரைத் தோற்கடித்தார்கள்" என்ற இடத்துக்கு வந்தாள். ஈசிச்சேரில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த வரியை அடிச்சிடு கண்ணு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவுக்கு 81 வயது. அவர் ஓட்டுப் போட்ட சின்னங்கள்: 71-ல் காமராஜரின் பழைய காங்கிரசுக்கு ராட்டை நூற்கும் பெண், 96-ல் கபிஸ்தலத்து மூப்பனார் தனிக்கட்சி கண்டபோது சைக்கிள், போன வருஷம் மயிலாடுதுறைத் தொகுதியில் கை. இடையில் கூட்டணிக்காக வேறு சின்னங்கள். ஊரில் அவரைக் காங்கிரஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். அந்த வரிக்கு முதலில் தலையாட்டுவது அவராகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்டேன். "அரிசி இல்லாம போட்டாங்கம்மா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்

வரி மாறிவிட்டது. "1967-ல் விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்றார்." அப்பா சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினாள். எண்ணை எங்கும் பார்க்காமல் சொன்னார்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் டீக்கடை முக்கில் நாற்காலி போட்டு, படம் வைத்து, மாலை போட்டார்கள். காங்கிரஸ்காரர்கள் ஐந்து பேர்தான். மாலை வாங்கி வந்தவர் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டிய மாமா, அப்பாவின் கூட்டாளி. 67-ல் ரிசல்ட் வந்த அன்று வெடி வெடித்தவர். பல வருஷமாக மாலை அவர் செலவுதான். வேறு யாரையும் வாங்க விடுவதில்லை.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவே ஆரம்பித்தார். அவருக்கு அதுதான் முதல் ஓட்டு. அப்போது 21 வயது ஆகியிருக்க வேண்டும். வயல் நிறைய நெல் விளையும், சர்க்கார் கட்டாயமாகக் கொள்முதல் செய்த லெவிக்கு அளந்து கொடுத்துவிட்டு வீட்டில் கிழங்கு வேகும். பாட்டி சோற்றை ஆம்பளைகளுக்குப் போட்டுவிட்டு, அடியில் ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் குடிப்பாளாம். தாத்தா கதர்ச்சட்டைக்காரர், இரட்டைக் காளைக்குப் போட்டார். அப்பா சூரியனுக்குப் போட்டார்.

"ரூபாய்க்கு மூணு படி அரிசின்னாங்க. அம்மா வயிறு நிறையத் தின்னணும்னு போட்டேன். காமராஜரைத் தோக்கடிக்கணும்னா போட்டேன்? இங்க பெட்டியில போட்ட சீட்டு விருதுநகர்ல போயி விழுமா?"

விழாது அப்பா என்றேன். ஆனாலும் 58 வருஷமாக அந்தச் சீட்டு அங்கேதான் விழுந்து கிடக்கிறது அவருக்கு.

ரிசல்ட்டைப் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த தாத்தா, வீட்டுக்குள் வராமல் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாராம். அப்பா போய்ப் பார்த்தபோது மாட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். அவர் சாகும்வரை அப்பா இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

கபிஸ்தலம் போய்க் காவிரியில் காதோலை கருகமணி விட்டு வந்தோம். இந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்ததால் குறுவை பச்சென்று நிற்கிறது.

வழியெல்லாம் இதே யோசனை. மேடைக்கு மேடை "நன்றி மறந்த தமிழன்" என்று பேசுகிறார்களே, அது எனக்கு இப்போது கோபத்தைத்தான் தருகிறது. காமராஜர் 63-லேயே முதலமைச்சர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனவர். அரிசித் தட்டுப்பாடு, 65-ல் இந்தி எதிர்ப்பில் நடந்த துப்பாக்கிச் சூடு எல்லாம் பக்தவத்சலம் ஆட்சியில் வந்தவை. மக்கள் அந்த ஆட்சியை இறக்கினார்கள், இறக்கத்தான் வேண்டும். அதில் இவரும் சேர்ந்து விழுந்தார். அப்புறம் வந்ததும் மூன்று படி இல்லை, ஒரு படி. அதுவும் சென்னையிலும் கோவையிலும். நெல் விளைகிற எங்கள் ஜில்லாவுக்கு அது வரவில்லை.

69-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பாவிடம் அந்த எண்ணைக் கேட்டால் தெரியாது என்கிறார். 1,285 மட்டும்தான் தெரியும்.

தாத்தா காமராஜரை மதித்தது கட்சித் தலைவர் என்று. அப்பா அப்படி இல்லை. வீட்டில் பெரியவருக்கு ஒரு குறை வைத்துவிட்டவர் மாதிரிதான் இத்தனை வருஷமாக ஓட்டுப் போட்டிருக்கிறார்.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

காமராஜர் இறந்து இன்றோடு 50 வருஷம். மறுபடி அதே நாற்காலி, அதே படம். கூட்டமில்லை, பாதிப் பேர் கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடக்கிறார்கள்.

மாலை போட்டு முடிந்ததும் அப்பா திடீரென்று சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும், நின்றபடியே: "அறுபத்தேழுல நானும் சூரியனுக்குத்தான் போட்டேன்."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியும்யா. அன்னிக்கு பூத் ஏஜெண்டே நான்தானே. உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுது. சாயங்காலம் உங்க அப்பாவே வந்து கேட்டாரு, எம் பையன் உங்களுக்குத்தானே போட்டான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆமான்னேன்."

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில், வாய்க்கால் மதகு தாண்டியதும், "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அவரு" என்றார்.