கொன்பிகர் 'ஓம்' என்றது, மேக் கைவிட்டது

கொக்குவிலில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்துப் பழைய சேர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடுகிறது. அதில் ஒரு லைப்ரரியை சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கட்டப் போய் மூன்று நாள் போய்விட்டது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கட்டுவதற்கு முன் தேவையானவை கணினியில் உண்டா என்று பார்க்கும் கொன்பிகர் ஒரு குறையும் சொல்லவில்லை. சி கொம்பைலர் வேலை செய்கிறதா? ஓம். சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரமான சி11 உண்டா? உண்டு. சரி என்று, கட்டும் கட்டளையான மேக்கைக் கொடுத்தால், இருபது நிமிடம் ஓடிய பிறகு 'எஸ்டிடிஅடொமிக் டொட் எச்' என்ற ஹெடர் கோப்பு இல்லை என்று நின்றது. ஏதோ பக்கேஜ் போடாமல் விட்டேனாக்கும் என்று முதல் நாள் முழுக்கத் தேடினேன். அந்த ஹெடர் பக்கேஜாகத் தனியே வராது, கொம்பைலரோடுதான் வரும்.

கடைசியில் தெரிந்த ஒரு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "தம்பி, கொன்பிக் டொட் லொக் பாத்தனியோ?" என்று மட்டும் கேட்டார். கொன்பிகர் எழுதி வைக்கும் அந்தப் பதிவுக் கோப்பைத் திறந்தால் மேலேயே இருக்கிறது: கொம்பைலர் ஜிசிசி 4.8.5. அந்த ஹெடர் தரும் அடொமிக் (பல திரெட் ஒரே மாறியைத் தொட்டாலும் குழம்பாமல் பார்க்கும் வசதி) வந்ததோ 4.9இல்.

சி11 தரத்தில் அடொமிக் கட்டாயமில்லை. அதனால் கொன்பிகரை உருவாக்கித் தரும் ஓட்டோகொன்பின் சி11 சோதனை அதைத் தொடுவதே இல்லை. 'வேலை செய்கிறதா' என்ற சோதனையும் ஒரு சின்ன மெயின் நிரலைக் கட்டி ஓட்டிப் பார்ப்பதோடு சரி. தன் நிரலுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதியவர்தான் சோதிக்க வேண்டும். இங்கே யாரும் சோதிக்கவில்லை.

சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30உடன் ஆதரவு முடிந்ததால், பழைய பக்கேஜ்களை வைத்திருக்கும் வோல்ட் முகவரிக்கு மாற்றித்தான், புதிய ஜிசிசி உள்ள டெவ்டூல்செட்டை இறக்கினேன். பாதி கட்டும்போது கரண்ட் போனது. மறுநாள் புது டெர்மினலில் மேக் கொடுத்தேன், மறுபடி அதே பிழை! டெவ்டூல்செட்டை இயக்கும் எஸ்சிஎல் எனேபிள் கட்டளை, அதைக் கொடுத்த ஷெல்லுக்கு மட்டும்தான். கொன்பிகர் எழுதிய மேக்பைலில் வெறும் 'ஜிசிசி' என்று இருந்ததால் பழையதையே எடுத்துவிட்டது. ஆகவே கொன்பிகருக்கு, எந்தக் கொம்பைலர் என்று சொல்லும் சிசி மாறியில் முழுப் பாதையையும் கொடுங்கள். கொம்பைலரை மாற்றினால் டிஸ்ட்கிளீன் செய்து பழையதைத் துடைக்காமல் தொடராதீர்கள்.

அப்புறம், கொன்பிகர் உருவாகும் மூலக் கோப்பான கொன்பிகர் டொட் ஏசியில் ஒரு சோதனை சேர்த்தேன். வெர்ஷன் எண்ணை நம்பவில்லை. அடொமிக் மாறி ஒன்றைக் கூட்டும் குட்டி நிரலை லிங்க் (துண்டுகளை இணைக்கும் கடைசிக் கட்டம்) வரை கட்டிப் பார்க்கிறது. கொம்பைல் மட்டும் போதாது, சில 32 பிட் கணினிகளில் லிப்அடொமிக் லைப்ரரி இல்லாமல் லிங்கில்தான் விழும்.

வேண்டுமென்றே பழைய ஜிசிசியால் ஓட்டினேன். சில விநாடியில், 'அடொமிக் ஆதரவுள்ள கொம்பைலர் தேவை' என்று கொன்பிகரிலேயே நின்றது. இந்தத் திருத்தத்தை பட்ச்சாக லைப்ரரியை எழுதியவர்களுக்கு அன்றிரவே அனுப்பிவிட்டேன்.