பச்சை முத்திரை இருக்கட்டும்

கதிர்வீச்சுப் பாய்ச்சிய இறைச்சியைத் தாராளமாகச் சாப்பிடுவேன். கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் வீசும் காமா கதிரால் உணவு கதிரியக்கமாகிவிடாது; ஈ.கோலை, சால்மொனெல்லா போன்ற நோய்க் கிருமிகளின் டி.என்.ஏ.தான் சிதையும்.

ஆனாலும் பொட்டலத்திலுள்ள, கதிர் பாய்ச்சியதைச் சொல்லும் பச்சை ‘ராடுரா’ முத்திரையை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருவேன். அமெரிக்காவில் 1997-இல் மாட்டிறைச்சிக்குக் கதிர் பாய்ச்ச, உணவு–மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதித்தது, குளிரூட்டியதற்கு 4.5, உறையவைத்ததற்கு 7 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) உச்சவரம்பு. கடைப் பொட்டலத்தில் அறிவிப்பு கட்டாயம், உணவகத் தட்டில் வந்தால் சொல்லவே வேண்டாமாம். என்ன கணக்கோ!

இறைச்சி ஆய்வகத்தில் கிருமிக் கூட்டங்களை எண்ணிச் சம்பளம் வாங்கியவள் நான். முத்திரை கேட்கவைக்கும் என் கவலை அறுப்புக்கூடத்தைப் பற்றியது. ‘கடைசியில் கதிர் பார்த்துக்கொள்ளும்’ என்று அங்கே கை மெத்தனமானால்? கிருமி செத்தாலும் ஒட்டிய சாணம் போகாதே.

மாட்டுக் கொத்துக்கறி எதுவானாலும் வெப்பமானியைக் குத்தி 71 டிகிரி செல்சியஸ் பார்த்துத்தான் இறக்குவேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.