காலண்டரில் வட்டம் போட்ட நாட்கள்

"பையனுக்குத் தொண்டை வலி வருஷத்துக்கு எத்தனை தடவை வருது?" என்று இ.என்.டி. டாக்டர் கேட்டார். "அடிக்கடி வரும் சார்" என்றேன். "அடிக்கடின்னா எனக்குக் கணக்கு வராதும்மா. எண்ணிட்டு வாங்க" என்றார்.

மகனுக்கு அப்போது 6 வயது. யுகேஜி படிக்கும்போதே ஆரம்பித்தது. ராத்திரியில் 102 டிகிரி காய்ச்சல், எச்சில் விழுங்கினாலே அழுகை, தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருக்கும். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் வீங்கிச் சிவந்த சதையில் தயிர் தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். "உள்நாக்கு வளந்திருக்கு" என்பார் என் மாமியார். நடுவில் தொங்குவதுதான் உள்நாக்கு, அதன் இரு பக்கமும் இருப்பது டான்சில் என்பதே டாக்டர் அறையில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அடுப்படிக் காலண்டரில் சிவப்பு வட்டம். பக்கத்திலேயே காய்ச்சல் எவ்வளவு, வெள்ளைப் புள்ளி இருந்ததா, என்ன மருந்து, எத்தனை நாள். பழைய சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. 10 நாள் கொடுக்கச் சொன்ன ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டதும் 3ஆம் நாளே நிறுத்தியிருக்கிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருந்தால் அரைகுறையாக விடவே கூடாது, பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வையே பாதிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வயிற்றைக் கலக்கியது. வைரஸால் வந்தால் அந்த மருந்தே வேண்டாமாம். அது தெரியாமல் நானாகவே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த நாட்களும் உண்டு.

11 மாதத்தில் 7 வட்டம். ஒரே வருஷத்தில் 7 தடவை, இல்லையென்றால் தொடர்ந்து 2 வருஷம் வருஷத்துக்கு 5, அல்லது 3 வருஷம் வருஷத்துக்கு 3. இந்த அளவைத் தொட்டால்தான் டான்சிலை எடுக்கும் ஆபரேஷனை யோசிப்பார்களாம். குறைவாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், வளர வளரப் பல பிள்ளைகளுக்குத் தானாகவே குறையும் என்றார். எதிர்ப்பு சக்தி போய்விடாதா என்று கேட்டேன். அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்களும் இருக்கின்றன என்றார்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். 5ஆம் நாள் "காது வலிக்குதும்மா" என்று அழுதான். டார்ச் அடித்தால் தொண்டை முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகப் படலம். சீழ் பிடித்துவிட்டதென்று பதறிப் போன் செய்தேன். புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும், தொண்டை வலிதான் காதில் தெரிகிறது என்றார்கள். 5 முதல் 10 நாளுக்குள் ரத்தம் மட்டும் வந்துவிடக்கூடாது, ஒரு வாய் ரத்தம் துப்பினாலும் உடனே கிளம்பி வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ராத்திரிகளில் தலையணை உறையை எத்தனை முறை தடவிப் பார்த்திருப்பேன்!

தண்ணீர் குடிக்காவிட்டால் வலி கூடும். வலி கூடினால் குடிக்கவே மாட்டான். அலாரம் வைத்து எழுப்பி வலி மருந்து, அரை மணி கழித்து ஸ்பூன் ஸ்பூனாக இளநீர். பிறகு ஆறிய ரசம் சோறு, குழையக் குழைய. முறுக்குக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அனுமதி.

இந்த வருஷக் காலண்டரில் ஜூலையில் ஒரே ஒரு வட்டம். பக்கத்தில் "சளி, காய்ச்சல் 99, 2 நாள்" என்று எழுதியிருக்கிறேன்.